யப்பான் பார்க்கப் போன சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை லீவுக்காகப் பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தேன். ஷிப்ட் மாற்றச் சம்மதித்த கானா நாட்டுக்காரர், அப்படி என்ன விசேஷம் என்று கேட்டார். மகளுக்கு யப்பான் காட்டப் போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

மகளின் வகுப்பில் அந்தத் தவணை யப்பானைப் பற்றிப் படிப்பித்தார்கள். ரீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார். பட்டர்சீ பூங்காவில் ஆற்றங்கரையோரம் யப்பானியத் துறவிகள் கட்டிய சமாதானக் கோபுரம் இருக்கிறது, ஹொலண்ட் பார்க்கில் புதிதாக ஒரு யப்பானியத் தோட்டம் திறந்திருக்கிறார்கள், முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் காணும் பறவைகளையும் மீன்களையும் மிருகங்களையும் எழுதிவரச் சொல்லுங்கள் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே எங்களுக்கென்று பேனையால் தனியாக நாலு வரி எழுதியிருந்தார். உங்கள் மகள் வகுப்பில் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. தமிழிலாவது பேசுகிறாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்து தான் கண்டதில் ஒன்றைப் பற்றியாவது சொன்னாளென்றால் பெரிய சந்தோஷம். இல்லாவிட்டால் நாங்கள் சந்தித்துக் கதைக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியை நான் பெற்றோல் நிலையக் கவுண்டருக்குள் இருந்து எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பேசாத பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு கவுன்சிலில் இருந்து வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும் என்று ஸ்ட்ரெதத்தில் சாமான் வாங்கும் கடையில் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது எனக்குள் போய் இருந்துவிட்டது. மனைவிக்கு அந்த நாலு வரியை நான் வாசித்துக் காட்டவில்லை. அச்சடித்த பகுதியை மட்டும் தமிழில் சொன்னேன்.

வகுப்பில் மட்டுமல்ல, என்னோடும் அவள் பேசுவதில்லை. நான் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டபோது மனைவிக்கு ஐந்து மாதம். எண்பத்தைந்தாம் ஆண்டு மாசியில் லண்டனில் வந்து இறங்கினேன். ஆனியில் மகள் பிறந்த செய்தி தந்தியில் வந்தது. எனக்கு இருக்க அனுமதி கிடைத்து, பிறகு குடும்பத்தை எடுக்க அனுமதி கிடைத்து, அவர்கள் இருவரும் நீரேரிக்குள்ளால் முழங்கால் தண்ணீரில் நடந்து வவுனியா வந்து, கொழும்பில் எட்டு மாதம் லொட்ஜில் காத்திருந்து, விமானம் ஏறியபோது அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. ஹீத்ரோவில் தாயின் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கையில் இருக்கும் போட்டோவையும் எதிரில் நிற்கும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கும் குடிவரவு அதிகாரியின் பார்வை அது. நாலு மாதமாகியும் அது மாறவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தாயின் காதுக்குள் சொல்வாள். தாய் எனக்குச் சொல்வாள். என்னைப் பற்றிச் சொல்லும்போது மகள் 'அப்பா' என்பதில்லை, 'அவர்' என்பாள்.

ஆகவே அந்த நாளை ஒரு பிழையும் வராமல் நடத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். ரயில் நேரங்களை எழுதி வைத்தேன். மழை வருமா என்று வானொலியில் கேட்டேன். மனைவி விடியவே எழும்பி மீன் கட்லட் பொரித்து, பாணுக்குள் சம்பல் பூசி, பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றினாள். எல்லாம் முடிந்து சப்பாத்துப் போடும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அங்க ஆளை ஆள் தவறவிட்டால் எங்க வந்து நிக்கிறது?"

"பார்க்கில என்னெண்டு தவறவிடுறது? மூண்டு பேர்தானே."

அவள் மகளின் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாததற்காக இரண்டு மணித்தியாலம் கழித்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம். முதல் நாள் இரவு உறைந்த புல் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. பட்டர்சீ பார்க் ஸ்டேஷனில் இறங்கி, வாசலால் பூங்காவுக்குள் நுழைந்தால் முதலில் வருவது ஏரி. கரையோரத்தில் கண்ணாடிபோல மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. கோடைகாலத்தில் வாடகைக்கு விடும் படகுகளைக் கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஏரி நடுவில் இருந்த தீவின் மொட்டை மரத்தில் ஒரு சாம்பல் நாரை கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. நான் அதைக் காட்டினேன். மகள் பார்த்தாள். எழுதச் சொல்லித் தாளை நீட்டினேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டிய பிறகு கையுறையைக் கழற்றி 'நாரை' என்று தமிழில் எழுதினாள். எழுத்து நன்றாக இருந்தது. குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பங்கருக்குள் வைத்து விளக்கு வெளிச்சத்தில் தான் படிப்பித்ததாக மனைவி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

மான்கள் அடைத்திருந்த வேலிப் பக்கம் போனோம். மான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வைக்கோலடியில் நின்றன. அவற்றின் மூச்சு புகையாக வந்தது. மகள் கம்பி வேலியில் விரலை விட்டபடி கனநேரம் பார்த்தாள். ஒரு குட்டி கிட்ட வந்து விரலை மணந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. நான் மனைவியைப் பார்த்தேன், அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் நல்லபடியாகப் போகிறது என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் கோபுரத்தை நோக்கி அவர்களை எனக்கு முன்னால் நடக்கவிட்டேன்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். நான் வந்த புதிதில் அந்தக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்ய எனக்கு அப்போது அனுமதி இல்லை. ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம், பகலில் போக இடமில்லை. பட்டர்சீ வரைக்கும் நடந்து வந்து வேலியோரம் நின்று பார்ப்பேன். குளிரில் மொட்டைத் தலையோடு துறவிகள் மரம் சீவினார்கள். ஒருநாள் ஒரு பெண் துறவி என்னிடம் வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பையில் சூடாக ஏதோ ஊற்றித் தந்தார். வறுத்த தானியத்தின் மணம். குடித்து முடித்ததும் ஒரு தும்புத்தடியைக் கையில் தந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் நான் அங்கே மரச்சீவல் கூட்டினேன். எனக்கு அந்தப் புத்தர் யப்பான் புத்தர். குளிரில் எனக்குச் சூடாகக் குடிக்கத் தந்தவர்களின் புத்தர். இதில் என் கையும் இருக்கிறது என்று மனைவியிடம் அன்றைக்குச் சொல்லப் போகிறேன் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரங்கள் விலகின. ஆற்றங்கரையில் இரண்டடுக்குக் கூரையோடு கோபுரம் தெரிந்தது. அதன் நடுவில் பொன் பூசிய புத்தர் வெயிலில் மின்னினார். மனைவி நின்றுவிட்டாள். மகள் தாயின் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, இது ஆமிக்காரற்ற புத்தரோ?"

"இது யப்பான் புத்தர், பிள்ளை," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "இது வேற. சண்டை வேண்டாமெண்டு கட்டினது."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. படிகளைப் பார்த்தபடி சொன்னாள். "வவுனியாவில எங்களை மூண்டு நாள் வச்சிருந்த இடத்தில வாசல்ல இதுமாதிரி ஒண்டு இருந்தது. அதுக்கு முன்னாலதான் தம்பியைத் தனிய எடுத்தவங்கள். பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டவள்."

வவுனியா வரைக்கும் துணைக்கு வந்த மனைவியின் தம்பியைப் பிடித்ததும், ஆறு கிழமை கழித்து விட்டதும் எனக்குக் கடிதத்தில் வந்த விஷயங்கள். மகள் பார்த்துக்கொண்டு நின்றது கடிதத்தில் வரவில்லை. இவர்கள் நல்லவர்கள், எனக்குத் தேத்தண்ணி தந்தவர்கள் என்று ஏதோ தொடங்கினேன். அது எவ்வளவு மொக்குத்தனமாக ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. மனைவி நல்ல மனுசி. "சரி, கும்பிட வேணுமெண்டில்லைத்தானே. தள்ளி இருந்து சாப்பிடுவம்," என்றாள். கோபுரத்துக்கு அப்பால் ஆற்றைப் பார்த்து ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் அவள் பையை வைத்துச் சாப்பாட்டை எடுக்கத் தொடங்கினாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கல் மதிலோரம் ஆற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஹெலி வந்தது. ஆற்றுக்கு மேலால் ஹெலிகள் போவது எனக்குப் பழகிய விஷயம். கொஞ்சத் தூரத்தில் அவை இறங்கும் இடம் ஒன்று இருக்கிறது. எட்டு வருடத்தில் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கு அது பாலத்துக்குச் சற்று மேலே, மிகவும் பதிந்து, தாழ வந்தது. அந்தச் சத்தம் எனக்கு உறைப்பதற்குள் பின்னால் பிளாஸ்க் உடையும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மனைவி வாங்குக்குப் பக்கத்தில் நிலத்தில் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் பிடரியில். சுற்றி நடந்துகொண்டிருந்த ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் அவளிடம் ஓடினேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்க?"

என் கையில் மகளின் கம்பளிக் கையுறை மட்டும் இருந்தது.

நான் முதலில் பார்த்தது ஆற்றை. மதில் உயரமாகத்தான் இருந்தது, ஆனாலும் எட்டிப் பார்த்தேன். மண்ணிறத் தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கோபுரத்தைச் சுற்றி ஓடினேன். நாலு பக்கமும் நாலு புத்தர்கள். பிள்ளை இல்லை. பற்றைகளை விலக்கிப் பார்த்தேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, நீலக் கோட்டுப் போட்ட பிள்ளையா, அந்தப் பக்கம் ஓடியது என்று கையைக் காட்டினார். கை காட்டிய பக்கம் பூங்காவின் பாதி கிடந்தது. பச்சை வேன் ஒன்றில் பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். என்ன வயது, என்ன உடுப்பு, இங்கிலிஷ் விளங்குமா என்று கேட்டார். உயரம் என்ன என்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. கையை என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன், நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் உயரம் தெரியாமல் ஒரு அந்நியனுக்கு முன்னால் நின்றேன்.

அவளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். மனைவி பின்னால் வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. முகத்தில் அழுகை இல்லை. அதற்கு முன் நான் கண்டிராத ஒரு நிதானம் இருந்தது.

"கூப்பிடாதேங்கோ. கூப்பிட்டால் வரமாட்டாள். ஆர் கூப்பிட்டாலும் வெளிய வரக்கூடாதெண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

"அப்ப எப்பிடித் தேடுறது?"

"பதிவான இடம் பாருங்கோ. மேல மூடியிருக்க வேணும், கீழ ஒரு ஆள் பூர இடமிருக்க வேணும். வரேக்கையே பாத்து வச்சிருப்பாள். எங்க போனாலும் முதல் அதைத்தான் பாப்பாள்."

வரும் வழியில் நான் நாரையையும் மானையும் காட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவள் பார்த்தது வேறு. நான் அந்த வழியை மனதில் பின்னோக்கி நடந்து பார்த்தேன். மான் வேலிக்குள் வைக்கோல் கொட்டில், ஆனால் வேலி உயரம். ஒரு பாலம், அதன் அடியில் தண்ணீர். பிறகு படகுகள். படகுகளுக்கு அப்பால் ஏரி, ஏரியில் அந்த மெல்லிய ஐஸ். நான் ஓடத் தொடங்கினேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முதலும் ஓடியதில்லை, பிறகும் ஓடியதில்லை. ஏரி தெரிந்ததும் கண் போனது ஐஸுக்குத்தான். கரையோரம் ஓரிடத்தில் அது உடைந்து கறுப்பாக ஒரு ஓட்டை இருந்தது. வரும்போது அது இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அந்த ஓட்டைக்கு முன்னால் நான் நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத ஏலாது.

ஒரு வாத்து நீந்தி வந்து அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு எடுத்தது. வாத்துகள் உடைத்த ஓட்டை அது என்று தெரிந்த பிறகுதான் திரும்பிப் படகுகளைப் பார்த்தேன். தாழ்ந்த மரக்கட்டைகளில் பத்துப் பதினைந்து படகுகள். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஏழாவதோ எட்டாவதோ படகின் கீழே ஒரு சப்பாத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. கையை நீட்டிக் காலைப் பிடித்தேன். அந்தக் கால் உள்ளே இழுபட்டது.

"இழுக்காதேங்கோ," என்று மனைவி பின்னால் இருந்து மூச்சு வாங்கியபடி சொன்னாள். "நீங்களும் உள்ள போங்கோ."

அவள் சொல்லி முடிக்கவில்லை, மரங்களுக்கு மேலால் இன்னொரு ஹெலியின் சத்தம் எழும்பியது. மனைவி பக்கத்துப் படகோடு ஒட்டிக் குந்தினாள். நான் நெஞ்சால் ஊர்ந்து உள்ளே போனேன். ஈர மரமும் பாசியும் மணத்தது. மகள் முழங்காலை நாடியோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். அரை இருட்டில் அவள் கண்கள் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"தலையைப் பதியுங்கோ," என்றாள்.

பதித்தேன்.

"காதைப் பொத்துங்கோ. வாயை ஆவெண்டு திறந்து வச்சிருங்கோ. இல்லாட்டிக் காது வெடிக்கும்."

காதைப் பொத்தினேன். வாயைத் திறந்தேன். ஹெலி எங்களுக்கு மேலால் போனது. படகின் பலகை மெல்ல அதிர்ந்ததை என் முதுகில் உணர்ந்தேன். எட்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்தான். படகுக்குக் கீழே கிடந்து கேட்கும்போது அது வேறு சத்தமாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சத்தம் குறைந்ததும் எழும்பப் பார்த்தேன். அவள் என் தலையைக் கையால் அமத்தினாள்.

"இன்னும் இல்லை. திரும்பி வரும். நூறு எண்ண வேணும்."

அவள் உதட்டுக்குள் எண்ணினாள். முப்பதோ நாற்பதோ வந்ததும் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். "உங்கட வீட்டில ஏன் பங்கர் இல்லை?"

அது தானும் இருக்கும் வீடு என்று அவள் நினைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இங்கே பங்கர் தேவையில்லை, இது ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஹெலி என்று சொன்னேன். அது எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"நான் இஞ்ச எட்டு வருசமா இருக்கிறன், குஞ்சு. ஒருநாளும் சுடேல்லை."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "அங்கயும் முதல் சுடேல்லையாம். அம்மா சொன்னவ."

வெளியே காவலரின் வேன் வந்து நிற்பது கேட்டது. மனைவி தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அவரிடம், பொறுங்கள், பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இருவரும் சேர்ந்து நூறு எண்ணுவோம் என்று மகளிடம் சொன்னேன். எதில் விட்டாள் என்று அவளுக்கும் மறந்துபோயிருந்தது. ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

காவலர் எங்களைத் தன் சிறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மனைவியின் முழங்காலுக்கு மருந்து கட்ட ஒரு பெட்டியைத் தந்தார். தேத்தண்ணி தந்தார். ஏன் ஓடினாள் என்று அவர் கேட்டபோது எனக்கு இங்கிலிஷ் சொற்கள் ஒழுங்காக வரவில்லை. ஸ்ரீலங்கா, யுத்தம், ஹெலிகொப்டர் என்று மூன்று சொல்தான் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை ஹெலி போகும் என்று கேட்கச் சொன்னாள் மனைவி. சனி ஞாயிறில் குறைவு, இருட்டினால் அநேகமாக இல்லை என்றார். மனைவி அதைத் தமிழில் மகளுக்குச் சொன்னாள். இருவரும் அதைக் கவனமாக மனதில் பதித்துக்கொண்டதைப் பார்த்தேன். எட்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னதைவிட அந்தச் சின்னத் தகவல் அவர்களுக்கு உதவியாக இருந்தது.

எனக்கு வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்ட வேண்டும் போலிருந்தது. மனைவி மறுத்துவிட்டாள். இப்போது வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு இந்த நாளில் இது மட்டும்தான் நினைவில் நிற்கும், மற்ற இடத்தையும் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள். பாலத்தைத் தாண்டிப் பஸ் எடுத்து ஹொலண்ட் பார்க்குக்குப் போனோம். பஸ்ஸில் நான் மகளின் கோட்டுத் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கழுத்து இறுகியிருக்கும். அவள் அதை இழுத்து விடுவிக்கவில்லை.

யப்பானியத் தோட்டம் சின்னதுதான். ஒரு குளம், அதில் விழும் சிறு அருவி, கல் விளக்குகள், இலையுதிர்ந்து சிவப்புத் தடிகளாக நின்ற சில மரங்கள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. குளத்தின் குறுக்கே கைப்பிடியில்லாத கற்பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் நான் மகளின் பின்னால் ஒட்டியபடி நடந்தேன். மகள் அதன் நடுவில் குந்தித் தண்ணீரைப் பார்த்தாள். பெரிய மீன்கள், செம்மஞ்சளும் வெள்ளையுமாக, அடியில் அசையாமல் கிடந்தன. செத்துப்போயினவோ என்று தாயிடம் கேட்டாள். குளிருக்கு அப்படித்தான் கிடக்கும், வசந்தத்துக்கு மேலே வரும் என்று நான் சொன்னேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. ஒரு மீன் வாலை லேசாக ஆட்டியபோது அவளைவிட எனக்குத்தான் நிம்மதி.

தோட்டத்துக்கு வெளியே புல்லில் மயில்கள் திரிந்தன. ஒரு ஆண் மயில் திடீரென்று அகவியபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் தோளைக் குறுக்கினோம். மனைவிக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது. சம்பல் பூசாத பாண் துண்டொன்றைத் தேடி எடுத்து மகளிடம் கொடுத்தாள். அவள் மயிலுக்குப் பின்னால் போனாள். நான் எழும்பப் போனேன். "இருங்கோ. தெரியிற தூரத்திலதானே நிக்கிறாள்," என்றாள் மனைவி.

அந்த வாங்கில் இருந்துகொண்டுதான் அவள் முதன்முதலாகச் சொன்னாள். மாரி மழையில் பங்கருக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்ட ஒரு நாள், மேலே குண்டு போடும் பொம்மர் சுற்றிக்கொண்டிருந்தது, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் நின்றாளாம். தண்ணீரில் ஒரு பாம்பு நீந்தித் திரிந்ததாம். பிள்ளை கண்டு அழுதுவிடக்கூடாதென்று, கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் வரைக்கும் எண்ணு என்று சொன்னாளாம். அவள் எண்ணிக்கொண்டு போகப் போகப் பாம்பு எந்த மூலையில் நிற்கிறது என்று தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இதை ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதினால் நீங்கள் அங்க தனிய இருந்து என்ன செய்வியள்? எழுதாமல் விட்டனான்."

நானும் அவளுக்குப் பல விஷயங்கள் எழுதாமல்தான் விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் ரீச்சரின் பேனை வரிகளைச் சொன்னேன். பள்ளிக்கூடம் மாற்றிவிடுவார்களோ என்று எனக்கிருந்த பயத்தையும் சொன்னேன். இதை இவ்வளவு நாளும் ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. பூனைபோல ஒலியில்லாமல் வந்து போகிற பிள்ளையை அங்கே நல்ல பிள்ளை என்றார்கள், இங்கே அதுவே குற்றமா என்று மட்டும் கேட்டாள்.

யப்பானியத் தம்பதியர் தங்கள் கைக்குழந்தையோடு நின்று ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு என் கமராவை வாங்கி எங்களையும் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. அதில் நான் மகளைப் பார்க்கிறேன். மனைவியும் மகளும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு ரீச்சருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். திங்கட்கிழமை காலை வேலைக்குப் பிந்திப்போவதாகச் சொல்லிவிட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னை நிற்கவைத்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். வகுப்பில் அடிக்கடி மேசைக்குக் கீழே போய் இருக்கிறாள், பென்சில் விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன் என்றார். அவருக்குக் கண் கலங்கியது. வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. சந்தித்துக் கதைக்க வேண்டுமென்று எழுதியது என்ன உதவி செய்யலாம் என்று கேட்கத்தானாம்.

அதன் பிறகு அவள் மேசைக்குக் கீழே போனால் ரீச்சரும் குனிந்து கூடப் போய் இருந்தார் என்று மனைவி அறிந்து வந்து சொன்னாள். வகுப்பில் அவள் வாய் திறந்தது சித்திரை விடுமுறைக்குக் கிட்டத்தான். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே நின்று, ரீச்சரின் முகத்தை வைத்து இன்றைக்குப் பேசினாளா இல்லையா என்று ஊகித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வேறு ஒரு பழக்கம் தொடங்கியது. கிழமைக்கு ஒன்றாக, அந்த எட்டு வருடத்தைப் பற்றி மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவள் சமைத்துக்கொண்டே சொல்வாள். சிலதுக்குப் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்ப்பாள். நான் வற்புறுத்துவதில்லை. குசினி வாசலில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் மகள் கேட்டும் கேட்காததுபோலத் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மாமரத்தடியில் ஷெல் விழுந்த கதையைச் சொல்லும்போது, அது ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில் என்றாள் மனைவி.

"இல்லையம்மா," என்று மகள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "அண்டைக்கு மழை. எனக்குச் சப்பாத்து நனைஞ்சது."